பல்லக்குச் சுழி

சக்கரவர்த்திக்கு ஜவ்வரிசிக் கஞ்சி ஆறினால் பிடிக்காது, சுட்டாலும் பிடிக்காது. கருப்பண்ணன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். பதமாக இருந்தது. தொட்டியில் ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்றான். சக்கரவர்த்தி உடனே வாய் வைத்துவிடவில்லை. தலையைத் தூக்கி, மேலே சுற்றும் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தது. கஞ்சியைப் பார்த்தது. யாரோ வற்புறுத்தியதற்காகக் குடிப்பதுபோல மூக்கை உள்ளே விட்டது.

பண்ணையில் மூன்று மின்விசிறிகள் இருந்தன. ஆபீசில் ஒன்று, முதலாளி வந்தால் உட்காரும் கொட்டகையில் ஒன்று, சக்கரவர்த்தியின் லாயத்தில் ஒன்று. ஆட்கள் குடியிருந்த ஆறு வீடுகளுக்கும் சேர்த்து ஒரு குண்டு பல்பு. அது கிணற்றடியில் எரிந்தது.

லாயத்து வாசலில் 'கொங்கு சக்கரவர்த்தி' என்று பித்தளைத் தகடு. இரண்டு வயதுக் குதிரை. நெய்யில் தோய்த்து எடுத்த மாதிரி பளபளக்கும். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்படாது. நடக்கும்போது வயிறு ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் போய்வரும். ஆட்கள் அதைத் 'திப்பி' என்று கூப்பிட்டார்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கைதான் திப்பி. முதலாளியின் ஆலையில் அது குன்று குன்றாகக் குவிந்து கிடந்தது. சக்கரவர்த்தியின் மத்தியானச் சாப்பாடும் அதுதான்.

முதலாளி பெயர் ராசப்பன். சேகோ ராசப்பன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சேகோ என்கிற ஜவ்வரிசி தயாரிக்கும் ஆலை, எட்டு லாரி, அப்புறம் இந்தப் பண்ணை. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில் நாமகிரிப்பேட்டையைத் தாண்டியதும் ஒரு சிமெண்டு வளைவு தெரியும். வளைவின் மேல் இரண்டு சிமெண்டுக் குதிரைகள். கொத்தனார் அதுவரை சிங்கம் செய்தே பழகியவர் என்பது வாய்ப் பக்கம் பார்த்தால் தெரியும்.

பண்ணை ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எங்கோ வடக்கே மூடிப்போன ஒரு பண்ணையிலிருந்து ஐந்து பெட்டைக் குதிரைகளும் ஒரு பொலிகுதிரையும் ரயிலேறி வந்தன. முதலில் ஈன்ற குட்டிகள் பெங்களூர் ரேசில் ஓடி ஒன்று இரண்டாவதாக வந்தது. அந்தப் போட்டோ ஆபீசில் மாட்டியிருக்கிறது. இரண்டாவதாக வந்தது சேகோ ராசப்பனுக்குக் குறையாகப் பட்டது. இனிமேல் சாத்திரப்படி செய்வோம் என்று முடிவெடுத்து, அந்தியூர்ச் சந்தையில் பேர்போன தரகர் சுப்பையனை அழைத்து வந்தார். சுப்பையன் மாட்டுத் தரகர். ரோமம் வட்டமாகச் சுழன்று நிற்கும் இடத்தைப் பார்த்து, இந்தச் சுழி உள்ள மாடு வந்தால் வீடு விளங்கும், இந்தச் சுழி வந்தால் வீட்டில் ஆள் தங்காது என்று பிசகில்லாமல் சொல்லிவிடுவார். மாட்டுக்குப் பார்க்கிற சுழியைக் குதிரைக்குப் பார்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. நாலு கால் இருந்தது, வால் இருந்தது, சுழியும் இருந்தது.

அதற்குப் பிறகு ஆடிதோறும் ஒரு வயதுக் குட்டிகளையும் இரண்டு வயதுக் குதிரைகளையும் வரிசையாக நிறுத்தினார்கள். சுப்பையன் வெற்றிலைக் கையோடு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். ராஜ சுழி, லட்சுமி சுழி என்றால் அதற்குப் பித்தளைத் தகடு, ஜவ்வரிசிக் கஞ்சி, பெங்களூர். பாடைச் சுழி, துடைப்பச் சுழி என்றால் அந்தியூர்ப் பண்டிகைச் சந்தையில் வண்டிக்காரர்களுக்கு விற்றுவிடுவது. கெட்ட சுழி உள்ள குட்டியின் வயிற்றில் முதலாளி வீட்டு ஜவ்வரிசி போகக்கூடாது என்பது உத்தரவு. அதனால் அவற்றுக்குக் கொள்ளும் புல்லும்தான். லாயமும் கிடையாது. மலையடிவாரம் வரை கிடந்த பொட்டலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடித் திரிந்தன.

ஏழு வருஷத்தில் பதினொரு ராஜ சுழிகள் பெங்களூர் போயின. பத்து, கடைசியாக வந்தன. ஒன்று கடைசிக்கு முந்தியதாக வந்தது. அன்றைக்கு இன்னொரு குதிரை வழியில் விழுந்துவிட்டது.

இதைப் பற்றிச் சேகோ ராசப்பன் ஏழு பக்கத்தில் ஒரு சொற்பொழிவு வைத்திருந்தார். 'நாட்டில் உயர்ரகப் பந்தயக் குதிரைகளின் தரம் ஏன் தாழ்ந்து வருகிறது?' ராசிபுரத்தில் ஒருமுறை, திருச்செங்கோட்டில் இரண்டுமுறை வாசித்தாகிவிட்டது. வெள்ளைக்காரன் போனது ஒரு காரணம், மழை குறைந்தது ஒரு காரணம், யூரியா போட்ட புல் மூன்றாவது காரணம். நான்கிலிருந்து ஒன்பது வரையிலான காரணங்கள் அரசாங்கம்.

எண்பத்தொன்றாம் வருஷம் வைகாசியில் ஒருநாள் முதலாளியின் காரிலிருந்து புதிதாக ஒரு மனிதர் இறங்கினார். கையில் அளக்கிற டேப். லாயம் லாயமாகப் போய் நீளம், அகலம் அளந்து சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார். சக்கரவர்த்தியின் லாயத்தில் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்து, "இது நல்லதுதான், வெய்யக் காலத்துல ஆகும்" என்றார். கருப்பண்ணன் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனான். உள்ளே கிளார்க் அருணகிரி சொற்பொழிவின் புதிய பிரதியை டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் கிளார்க்கய்யா, அளக்கறாங்களே, புதுசா லாயம் கட்டறாங்களா?"

"லாயமா? அவரு நாமக்கல்லுக் கோழிப்பண்ணைக்காரரு. ஒரு லாயத்துல எத்தனை கூண்டு புடிக்கும்னு பாக்கறாரு."

"அப்பக் குதிரைங்க?"

"இந்த ஆடிக்கு ஒண்ணு பெங்களூரு போவுதில்ல, அதுதான் கடைசி. அதுவும் வாலைப் புடிச்சுட்டு வந்துச்சுன்னா அத்தனையும் ஏலம். அப்பறம் கோழிதான். முட்டை பொறுக்க ரண்டே ஆளு போதுமாமா."

"நானுங்க?"

அருணகிரி தட்டுவதை நிறுத்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ குதிரைக்காரன். கோழி மேல ஏறி ஓட்டுவியா?"

கருப்பண்ணன் சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டு திரும்பினான். இங்கே வருமுன் சேலம் ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவன். வண்டிக்குதிரை வயிற்றுவலி கண்டு செத்துப்போன வருஷம் பண்ணைக்கு வந்து சேர்ந்தான். ஒன்பது வருஷமாகிறது. இப்போது ஐம்பதை எட்டுகிற வயதில், இடது கை நடுவிரல் நுனியைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டு, வேறு எங்கே போய் நிற்பது? வேலை போனால் வீடும் போகும். ஆறு வீட்டுக்காரர்களுக்கும் அதே கதிதான்.

சாயங்காலம் இதைச் சொன்னபோது அவன் மனைவி ஆராயி புல்லுக்கட்டை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பண்ணைக் கணக்கில் அவள் புல்லறுக்கிறவள். குட்டி போட மறுக்கும் பெட்டையிடம் உட்கார்ந்து பேசிப் போட வைக்கிறவளும் அவள்தான். அதற்குக் கணக்கில் இடமில்லை.

"திப்பி ஓடுமா?" என்று கேட்டாள்.

"தொட்டி வரைக்கும் ஓடும்."

"குருவி?"

கருப்பண்ணன் பொட்டல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

குருவி என்பது இரண்டு வயதுப் பெட்டை. மெலிந்த செவலை. அதற்குத் தகடு கிடையாது, ஆபீசில் பெயரும் கிடையாது. நடு முதுகில் தண்டுக்கு இருபுறமும் நேருக்கு நேராக இரண்டு சுழி. ஒரு வயதிலேயே சுப்பையன் பார்த்து, "பாடை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். வருகிற ஆடியில் அந்தியூர்.

விடிகாலையில் கருப்பண்ணன் குருவியை ரோட்டோரத்து மண்பாதையில் ஓட்டுவான். அந்த நேரத்துக்குத்தான் ஆத்தூரிலிருந்து முதல் பஸ் வரும். டிரைவர் வேலுசாமி பண்ணை வேலி தொடங்கும் இடத்தில் ஒரு ஹாரன் கொடுப்பார். அங்கிருந்து வளைவு வரை ஒரு மைல் இருக்கும். முதல் வாரம் பஸ் ஜெயித்தது. இரண்டாவது வாரம் இரண்டும் ஒன்றாக வந்தன. மூன்றாவது வாரத்தில் வேலுசாமி வளைவருகே பஸ்ஸை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"ஏப்பா, அதுக்கு என்ன டீசல் போடற?"

"கொள்ளுங்க."

"எங்க மொதலாளிகிட்டச் சொல்லி என்ற வண்டிக்கும் அதையே போடச் சொல்றேன்."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு கிழவர், "வண்டியை நிறுத்தீட்டுக் குதிரைகிட்டயா பேசற? கோர்ட்டுக்கு நேரமாச்சு. அந்தக் குதிரை ராசிபுரம் போவுதான்னு கேளு, நான் அதுலயே ஏறிக்கறேன்" என்றார்.

கருப்பண்ணன் குருவியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான். இதன் அக்காளும் இப்படித்தான் இருந்தாள். மைனா. ஒரே தாய், ஒரே தகப்பன். வாலுக்கு மேலே துடைப்பச் சுழி இருந்ததால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனே அந்தியூருக்குப் பிடித்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான். வாங்கினவன் கைக்குக் கயிறு மாறின பிறகும் அது கருப்பண்ணனின் சட்டைப் பையில் வெல்லம் இருக்கிறதா என்று முகர்ந்துகொண்டிருந்தது.

ஆடி பிறந்தது. முதலாளி வருவதற்கு இரண்டு நாள் முந்தியே சுப்பையன் வந்துவிடுவது வழக்கம். ஆராயி வைக்கும் நாட்டுக்கோழிக் குழம்புதான் காரணம். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, எதிரே ஸ்டூலில் இலை போட்டுச் சாப்பிடுவார். கருப்பண்ணன் சற்றுத் தள்ளிக் குந்தியிருந்தான்.

"தரகரண்ணா, காலு போடட்டுங்களா?" என்றாள் ஆராயி.

"போடு, போடு."

"பெங்களூருக்கு எதுங்க போவுது?"

"எது போவும்? சக்கரவர்த்திதான். நெத்தியில ராஜ சுழி, கழுத்துல லட்சுமி சுழி. ரண்டும் ஒரே உருப்படியில அமையறது நூத்துல ஒண்ணு."

"போன வருசம் போனதுக்கும் ராஜ சுழிதானுங்களே?"

"அது கொஞ்சம் தள்ளி இருந்துச்சு."

"அதுக்கு முந்தின வருசத்ததுக்கு?"

சுப்பையன் எலும்பைக் கடிப்பதில் கவனமானார்.

"இந்த வருசமும் கடைசியில வந்துச்சுன்னா இங்க கோழிப்பண்ணை வெக்கறாங்களாமா. கேள்விப்பட்டீங்களா?" என்றாள் ஆராயி. "நான் ஒண்ணு ரோசனை பண்ணுனனுங்க. கோழிக்குச் சுழி இருக்குதுங்களாண்ணா?"

சுப்பையனின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"கோழிக்கா?"

"ரெக்கைதானுங்க இருக்குது. ரோமமே இல்லீங்களே. சுழி பாக்கறவங்களுக்கு அப்பறம் இங்க என்ன சோலி இருக்கும்னு நெனைச்சேன். இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுங்களா?"

குழம்பு வேண்டாம் என்றார் சுப்பையன். அப்படி அவர் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. கையைக் கழுவிவிட்டு வெற்றிலையை மடித்தபடி வெகுநேரம் சக்கரவர்த்தியின் லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சாப்பிட்டு முடித்துக் கண்ணயர்ந்திருந்தது.

"ஏண்டா கருப்பா, ஓடறது எதாச்சும் இருக்குதா?" என்று கடைசியில் கேட்டார்.

"ஒண்ணு இருக்குதுங்க. ஆனா நீங்க பாடைன்னு சொல்லிப் போட்டீங்க."

குருவியைக் கொண்டுவந்து நிறுத்தினான். சுப்பையன் முதுகைத் தடவினார். தலையை ஆட்டினார். "பாடைதான். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, நேருக்கு நேர். நல்லாப் பாரு, ரண்டு மூங்கில் வெச்ச மாதிரி. நடுவுல ஆளு படுக்கற எடம். வாங்குனவன் ஊட்டுல பொணம் உளுகும். நான் என்ன பண்ணட்டும்?"

ஆராயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இதுல யாருங்க படுக்கறது?"

"என்ன?"

"ரேசுல ஜாக்கி இது மேல படுத்துட்டுங்களா போவான்? உக்காந்துட்டுத்தானுங்க போவான்? ரண்டு மூங்கில், நடுவுல ஆளு. படுத்திருந்தாத்தானுங்கண்ணா பாடை. உக்காந்திருந்தா அதுக்குப் பேரு பல்லக்குங்களே?"

குருவி வாலை வீசி ஒரு ஈயை ஓட்டியது.

"பல்லக்குச் சுழி," என்று சுப்பையன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். இன்னொருமுறை சற்று உரக்கச் சொன்னார். "அப்படி ஒண்ணு இருக்குதுன்னு எங்கப்பன் சொல்லிக் கேட்ட மாதிரிதான் இருக்குது."

"நானும் கேட்டிருக்கறனுங்க," என்றான் கருப்பண்ணன்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். கொட்டகையில் மின்விசிறி சுற்ற, குதிரைகள் வரிசையாக நின்றன. சுப்பையன் சக்கரவர்த்தியை ஒருமுறை தடவிவிட்டுப் பேசாமல் நகர்ந்தார். குருவியிடம் வந்ததும் இரண்டடி பின்வாங்கி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"என்னப்பா?" என்று முதலாளி நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்.

"மொதலாளி, நாப்பது வருசமாச் சந்தையில நிக்கறேன். இதைக் கண்ணுல பாப்பேன்னு நெனைக்கலீங்க. பல்லக்குச் சுழி. அந்தக் காலத்துல ராசா ஊட்டுத் தொழுவத்துல மட்டும் இருந்தது. நூத்துல இல்லீங்க, ஆயிரத்துல ஒண்ணு."

"போன வருசம் பாடைன்னு சொன்ன?"

"ரோமம் முத்துனாத்தானுங்க பல்லக்கு தெரியும். எளசுல பாத்தா பாடையாட்டத்தான் இருக்கும். அதுலதான் பல பேரு ஏமாந்து போறாங்க."

சேகோ ராசப்பன் எழுந்து வந்து குருவியின் முதுகைத் தானும் தடவினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இது பொறந்தன்னைக்கே எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லுச்சு. வெளிய சொல்லிக்கல, அவ்வளவுதான். டேய் அருணகிரி, தகடுக்குச் சொல்லு. 'கொங்குப் பல்லக்கு'. இதுக்கு ஒரு லாயம் ஒதுக்கி, சக்கரவர்த்தியோட ஃபேனைக் கழட்டி அங்க மாட்டச் சொல்லு. இன்னையிலிருந்து சக்கரவர்த்தியோட கஞ்சி, திப்பி அத்தனையும் இதுக்கு."

ஒரு மாதக் கஞ்சி போதும், குருவி தொட்டிக்கும் லாயத்துக்கும் நடக்கிற குதிரையாகிவிடும். கருப்பண்ணன் இருமினான். சுப்பையன் திரும்பவில்லை. மறுபடி, காசநோய்க்காரன் மாதிரி இருமினான்.

"அது ஆகாதுங்க மொதலாளி," என்றார் சுப்பையன், கருப்பண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "பல்லக்குன்னா கனமில்லாம இருக்கோணும். ஜவ்வரிசி இந்தச் சுழிக்குச் சேராது. கொள்ளு. பச்சைப் புல்லு." கருப்பண்ணன் பொட்டல் பக்கம் தலையை அசைத்தான். "அப்பறம் கட்டிப் போடக்கூடாது. பல்லக்கை யாராச்சும் கட்டிப் போடுவாங்களா?"

"கேட்டுக்கிட்டியாடா கருப்பா?" என்றார் முதலாளி. "இதெல்லாம் சாத்திரம். உன்ற இஷ்டத்துக்கு எதையாச்சும் போட்டுக் கெடுத்துப்போடாத."

"இல்லீங்க."

மின்விசிறி இடம் மாறியது. குருவி பகலெல்லாம் பொட்டலில் இருந்ததால் அது காலி லாயத்தில் சுற்றியது. சக்கரவர்த்தி வெகுநாள் வரை கஞ்சிக்கு முன்னால் தலையைத் தூக்கி, விட்டத்தில் கொக்கி மட்டும் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் குருவி லாரியேறி பெங்களூருக்குப் போனது. அங்கே பழக்குகிறவர் அதை மற்ற குதிரைக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தார். இரண்டு பேரைக் கடித்துவிட்டு, வைத்ததைத் தின்னாமல் நின்றது. தந்தி வந்தது. கருப்பண்ணன் ஒரு போர்வையும் ஒரு மூட்டைக் கொள்ளும் எடுத்துக்கொண்டு ரயிலேறினான். எட்டு மாசம் குதிரை லாயத்திலேயே படுக்கை.

எட்டு மாசமும் கோழிப்பண்ணைக்காரர் அளந்த சிகரெட் அட்டை அருணகிரியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. ஆராயி ஆபீஸ் கூட்டப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை ரேஸ். குதிரைக்காரர்கள் வேலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். அங்கிருந்து கடைசி வளைவு தெரியாது. கருப்பண்ணன் சேணத்துக்கு அடியில் போடும் ஈரத்துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றான். கூட்டத்தின் சத்தம் எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது. பக்கத்தில் நின்ற கன்னடக்காரர் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார். ஏன் அடித்தார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. குருவி நாலு குதிரை நீளம் முந்தி வந்திருந்தது.

கோப்பை வாங்கும்போது பழக்குகிறவர் முதலாளியிடம் தீனி என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். "ஜவ்வரிசி. எங்க சொந்தத் தயாரிப்பு" என்றார் முதலாளி. போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். முதலாளி நடுவில், சுப்பையன் வலது பக்கம், குருவி இடது பக்கம். கடிவாளத்தைப் பிடித்திருந்தவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அன்று இரவே பண்ணைக்குத் தந்தி போனது. மறுநாள் காலையில் ஆராயி கூட்டப் போனபோது கண்ணாடிக்கு அடியில் சிகரெட் அட்டை இல்லை. வெளியே வந்து ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "அடுப்பைப் பத்த வைங்க, எல்லாருக்கும் இன்னைக்கு என்ற ஊட்டுல காப்பி" என்றாளாம்.

பாராட்டு விழா சேலத்தில். சேகோ ராசப்பன் காரை விட்டுவிட்டு ரயிலில் வந்து இறங்கினார். மாலை போட ஜங்ஷன்தான் வசதி. குருவி அடுத்த ரேசுக்காகப் பெங்களூரிலேயே இருந்தது. அதற்குப் பதிலாக அந்தப் போட்டோவைக் கட்டில் அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். ஜங்ஷனிலிருந்து செவ்வாய்ப்பேட்டை மண்டபம் வரை ஊர்வலம். குதிரையால் பெயரெடுத்தவர் குதிரை வண்டியில் வருவதுதான் பொருத்தம் என்று விழாக் குழு ஒரு ஜட்காவைப் பூவால் மூடி நிறுத்தியிருந்தது.

கருப்பண்ணன் கோப்பைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கடைசியாக வந்தான்.

"ஏப்பா கருப்பா! நீயா?" வண்டிக்காரன் சின்னண்ணன், பழைய ஸ்டாண்டுக் கூட்டாளி. "எங்க மறைஞ்சு போயிட்ட?"

கருப்பண்ணன் வாயைத் திறப்பதற்குள் வண்டிக்குதிரை கழுத்தை நீட்டி அவன் சட்டைப் பையில் மூக்கை விட்டது. பையைத் துணியோடு சேர்த்துக் கவ்வி இழுத்தது.

"யாருகிட்டயும் போவாதே அது!" என்றான் சின்னண்ணன். "அந்தியூரு யாவாரி ஒருத்தன்கிட்ட வாங்குனது. சேலத்துல எந்த வண்டியும் இவளை முந்துனதில்ல, தெரியுமா? நாந்தான் புடிச்சுப் புடிச்சு ஓட்டறேன். விட்டா வேற ஊருக்குப் போயிருவா."

கருப்பண்ணன் கோப்பைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பையில் இருந்த வெல்லக் கட்டியை எடுத்தான். "மைனா" என்றான். காது இரண்டும் அவன் பக்கம் திரும்பின.

முதலாளி ஏறினார். சுப்பையன் ஏறினார். கூரைக்கு முன்னால் போட்டோவைக் கட்டினார்கள். கருப்பண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்படியில் தொற்றி உட்கார்ந்தான். பேண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் நின்று முதல் பாட்டை எடுத்தார்கள். டிரம்மில் ஒரே ஒரு அடிதான் விழுந்தது. மைனா வாத்தியக்காரர்களைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டது.

ஊர்வலம் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. சின்னண்ணன் கயிற்றில் தொங்கினான். பூச்சரங்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து ரோட்டில் விழுந்தன. இரண்டு டவுன் பஸ்ஸும் ஒரு மஞ்சள் லாரியும் பின்தங்கின. மண்டபத்தை அடைந்தபோது அங்கே வரவேற்க யாரும் இல்லை. காவல்காரன் கதவைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

சேகோ ராசப்பன் இறங்கி, கலைந்த துண்டைச் சரிசெய்தார். மூச்சுக்கூட வாங்காமல் நின்ற மைனாவைப் பார்த்தார். "வண்டிக்குதிரையும் ஓடத்தான் ஓடுது," என்று சுப்பையனிடம் சொன்னார். "ஆனா ஜாதிக் குதிரையோட நடையே வேறப்பா."

அரை மணி கழித்து ஊர்வலம் வந்து சேர்ந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். சால்வை போட்டார்கள், முதலில் முதலாளிக்கு, அடுத்து பல்லக்குச் சுழியைக் கண்டுபிடித்த சுப்பையனுக்கு. கருப்பண்ணன் கோப்பையை மேடையில் வைத்துவிட்டு, யாரும் நிறுத்தாததால், வெளியே வந்தான். வாசல் ஒலிபெருக்கியில் சொற்பொழிவு தொடங்கியது. வெள்ளைக்காரன் போனது. மழை குறைந்தது.

மைனா வண்டியோடு வெயிலில் நின்றது. கருப்பண்ணன் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, கழுத்துப் பட்டையைத் தளர்த்தினான். அடியில் தோல் உரிந்து, பழைய புண்ணின் மேல் புதிய புண் இருந்தது. துண்டை நனைத்து ஒற்றினான்.

"இதைக் குடுப்பியா அண்ணா?" என்று கேட்டான்.

"குடுத்துப்போட்டு நான் வண்டியை எப்படி இழுக்கறது?" என்றான் சின்னண்ணன்.

"பண்ணையில சக்கரவர்த்தின்னு ஒண்ணு சும்மா நிக்குது. பளபளன்னு இருக்கும். யாரையும் கடிக்காது. வேகமும் போவாது, சவாரிக்காரங்க பயப்பட மாட்டாங்க. ராஜ சுழி, லட்சுமி சுழி ரண்டும் இருக்குது."

"ஏப்பா, அப்படியாப்பட்ட உருப்படியை உங்க மொதலாளி வண்டிக்குக் குடுப்பாரா?"

"இவளோட ஜாதிப் பேப்பரு ஆபீசுப் பீரோவுலயே கெடக்குது. வண்டிக்குதிரைக்கு எதுக்குப் பேப்பருன்னு அன்னைக்குக் குடுக்கல," என்றான் கருப்பண்ணன், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல. "இவ வயித்துல ஒண்ணு பொறந்தாப் போதும்."

உள்ளே கைதட்டல். யூரியா முடிந்து அரசாங்கம் ஆரம்பித்திருந்தது. இன்னும் ஆறு காரணங்கள் இருந்தன. சுப்பையன் சால்வையோடு வெற்றிலை துப்ப வெளியே வந்தார்.

"தரகரய்யா, இங்க ஒரு நிமிசம் வாங்க," என்று கூப்பிட்டான் கருப்பண்ணன். "துடைப்பம்னா, தரையைக் கூட்டறதுக்குக் கீழ புடிக்கறதுங்களே? ராசாவுக்குப் பக்கத்துல ஒருத்தன் நின்னு மேல தூக்கிப் புடிச்சு வீசுவானே, அதுக்குப் பேரு என்னுங்க?"

"சாமரம்," என்று சொல்லிவிட்டு, சுப்பையன் துப்ப மறந்து நின்றார்.

வண்டிக் கூரையில் பெரிய போட்டோ வெயிலில் மின்னியது. முதலாளி நடுவில் சிரித்தார், சுப்பையன் வலது பக்கம், குருவி இடது பக்கம். ஓரத்தில் மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு, கடிவாளத்தைப் பிடித்த ஒரு கை மட்டும் விழுந்திருந்தது, நடுவிரலில் நுனி இல்லாமல். அதற்கு நேர் கீழே அதே கை, மைனாவின் வாலுக்கு மேலே வேர்வையில் ஒட்டிக்கிடந்த ரோமத்தை மெல்ல விலக்கிக் காட்டியது.